நொந்த நெஞ்சை நெருக்குதலாகாது

ஆசிரியர்களே, வைத்தியர்களே, கமக்காரப் பெருமக்களே!

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் உற்றாரை இழந்தோர் பலர் இன்றும் துயிலின்றித் தவிக்கின்றனர். திருநீறும் நூலும், கடல்நீரில் விளக்கெரியும் வற்றாப்பளை அம்மன் பொங்கலும் அன்னாருக்கு ஆறுதல் தருமெனில், அவற்றை மூடநம்பிக்கையென இகழ நாம் யார்? மனநோய் வைத்திய நிபுணரான பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களே இச்சடங்குகள் மனத்தை ஆற்றுமென எழுதியுள்ளார்.

ஆயினும் ஒன்று கூறுவோம். காணாமலாக்கப்பட்ட மகனுக்கு அந்தியேட்டி செய்யுமாறு எந்தத் தாயையும் நாம் நெருக்குதலாகாது. மகன் இறந்தானென்று அத்தாய் ஒப்பவில்லையே! 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த அன்னையர் கேட்டது சடங்கன்று, உண்மை.

கோயில் வாயிலும் வைத்தியசாலை வாயிலும் திறந்திருக்கட்டும். எதனுட் புகுவதென்பதை நொந்தவரே தீர்மானிக்கட்டும். அன்புடன் அழைப்போம், வர மறுப்பவரை நிந்தியாதிருப்போம்.