நெதர்லாந்தில் ஒருநாள் ரயில் பயணங்கள்



நெதர்லாந்தில் இருக்கும் பிள்ளை, பெண்ணிடம் போகும் பெரியவர்கள் பலர், அவர்கள் ஆபீஸ் கிளம்பியதும் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார்கள். அது வேண்டாம். அங்கே உள்ளூர் ரயில்களுக்கு முன்பதிவு தேவையில்லை. வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல் கிளம்பி, மாலை 4 மணிக்குள் திரும்பினால் நெரிசல் இராது. ஏறுமுன்னும் இறங்கியபின்னும் ஸ்டேஷன் கருவியில் கார்டைக் காட்ட மறக்கக் கூடாது.

ஏப்ரலில் ஹார்லெம்–லைடன் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே மலர் வயல்களைக் காணலாம். கொய்கன்ஹோஃப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை மட்டுமே திறந்திருக்கும். லைடனிலிருந்து பஸ் உண்டு. ஏப்ரல் 27 மன்னர் தினம், ரயிலில் கூட்டம் தாங்காது. அன்று வேண்டாம்.

பல சீஸ்களில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்கிறது, விசாரித்து வாங்குங்கள். கையில் தயிர்சாதம் இருந்தால் கவலையில்லை. ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும்.