மயக்கம் தெளிதலும் தசை மீளுதலும்



'மயக்கம்' இலக்கணம் பயின்றோர்க்குப் பழகிய சொல். மெய்ம்மயக்கம் என்கிறோம், தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என ஓர் இயலே உண்டு. ஒன்றோடொன்று கலத்தல் என்பதே ஆங்குப் பொருள். அறுவை அறை சார்ந்து நாம் வழங்கும் 'மயக்க மருந்து' என்னும் தொடரிலும் அத்தகைய கலப்பு நேர்ந்துள்ளது. அதனைப் பிரித்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பெரிய அறுவைகளில் நோயாளிக்குச் செலுத்தப்படுவது பெரும்பாலும் ஒரே மருந்தன்று. உறங்கச் செய்வது ஒன்று. வலியைத் தணிப்பது மற்றொன்று. தசைகளை அசையாது நிறுத்துவது வேறொன்று. மூன்றையும் மயக்க மருந்து என்றே சொல்கிறோம். மலாய்மொழியின் 'பியுஸ்' என்னும் சொல்லும் ஏறத்தாழ அவ்வாறே அனைத்தையும் அடக்கிக்கொள்கிறது. ஆனால் மூன்றாவது மருந்து எவரையும் மயக்குவதில்லை. நரம்பு முனையிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் தசையை எட்டிச் செயற்படுவதை அது தடுக்கிறது; அவ்வளவே. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்; மூச்சுத் தசைகளோ நின்றுவிடும். ஆகவே கருவிவழி மூச்சு அளிக்கப்படுகிறது.

தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய குராரே நஞ்சே இவ்வகை மருந்துகளின் மூதாதை. 1942 சனவரியில் மொன்றியலில் கிரிஃபித், ஜான்சன் என்னும் மருத்துவர் இருவர் அதனை அறுவையில் பயன்படுத்தினர். அது நினைவையும் போக்குமோ என்னும் ஐயம் சிலருக்கு இருந்தது. 1947இல் வெளியான ஆய்வில், ஸ்காட் ஸ்மித் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் உடலிலேயே அதனைச் செலுத்தச் செய்தார். விரலும் அசையாத நிலையிலும் அவருடைய நினைவு சிறிதும் மங்கவில்லை.

இம்மருந்தைத் தமிழ் நூல்கள் 'தசைத் தளர்த்தி' என்கின்றன. ஆங்கிலத்திலுள்ள மென்மையான பெயரின் நேர்பெயர்ப்பு அது. கயிற்றைத் தளர்த்தினாலும் கயிறு முற்றும் அவிழ்வதில்லை. இங்கோ தசை முற்றிலும் நின்றுவிடுகிறது. 'வாதம்' என்று சொல்லலாமெனின், பக்கவாதம், இளம்பிள்ளைவாதம் என நிலைத்த நோய்களின் அச்சம் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும். 'தசையசைவு நிறுத்தி' எனலாம் என்பது நம் கருத்து. செவிக்கு இனிமை குறைவுதான், பொருள் பிழைபடாது.

இஃது வெறும் கலைச்சொல் வழக்கன்று. பிரிக்ஃபீல்ட்சிலும் கிள்ளானிலும் நம் வீடுகளில், "அத்தைக்கு ஆபரேஷன் முடிந்தும் மயக்கம் தெளியவே இல்லை" என்று யாரேனும் சொல்லக் கேட்டிருப்போம். அவ்வாறு நேர்வதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, மயக்கம் தெளிந்தும் தசை மீளாமை.

சக்சமெத்தோனியம் என்னும் தசையசைவு நிறுத்தி, செலுத்திய ஒரு நிமிடத்திற்குள் செயற்பட்டு, ஏறத்தாழப் பத்து நிமிடத்திற்குள் ஓய்ந்துவிடும். குருதியிலுள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதனைச் சிதைத்துவிடுவதே காரணம். பிறப்பிலேயே அந்நொதி செயலற்றவர்க்கு அதே அளவு மருந்து மணிக்கணக்கில் நீடிக்கும். அதுவரை மூச்சுக்கருவியும் உறக்க மருந்தும் தொடர வேண்டும். அறியாது உறக்க மருந்தை நிறுத்தினால், விழிப்புடன் அசைய இயலாது கிடக்கும் கொடுமை நேரக்கூடும்.

இக்குறை மிக அரியது எனக் கருதப்பட்டது. ஆனால் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அயல்நாட்டு அறிஞருடன் இணைந்து 2006இல் வெளியிட்ட ஆய்வு, வைசிய சமூகத்தாரிடம் இக்குறைக்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்றைக் கண்டறிந்தது. ஐரோப்பியரினும் பன்மடங்கு மிகுதியாக இக்குறை அவர்களிடையே காணப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணந்துவந்த எச்சமூகத்திலும் இத்தகைய மாற்றம் தங்கிப் பெருக இடமுண்டு. சாதிப் பெயரை இங்குச் சுட்டுவது மருந்தின் பொருட்டேயன்றி வேறெதற்குமன்று.

அறுவைக்கு முன் மயக்கவியல் மருத்துவர், குடும்பத்தில் எவருக்கேனும் மயக்க மருந்தால் இடர் நேர்ந்ததா என வினவுவார். மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும் அவ்வினாவைப் பாட்டிக்குத் தமிழில் சொல்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளையே. "மயக்கம் தெளிய நேரமாயிற்றா?" என்று கேட்டால், "வயதானவள், கொஞ்சம் தூங்கிவிட்டேன்" என்னும் மறுமொழியோடு செய்தி நின்றுபோகும். "அறுவை முடிந்தபின்னும் கை கால் அசைக்க முடியாமல் இருந்ததா? தாமாக மூச்சுவிட முடியாமல் நெடுநேரம் கருவியில் வைத்திருந்தார்களா?" என்று கேட்க வேண்டும். ஆம் என்பது விடையானால், அதனை அப்படியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குருதிச் சோதனையால் அந்நொதியின் செயலை அளக்க இயலும். குறை உறுதியானால் உடன்பிறந்தாரும் மக்களும் சோதித்துக்கொள்ளலாம். சக்சமெத்தோனியத்திற்கு மாற்றாக ரொக்குரோனியம் போன்ற மருந்துகள் உள்ளன.