மருதிக்கு யார் குரல்?



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ, அந்தத் தோழர் எங்கள் தெரு இரவுப் பள்ளியில் கதை வாசித்துக் காட்டியவர். எழுத்துக் கூட்டத் தெரியாத பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்த நினைவில்தான், ஒரு சிறுகதையை ஒலிநூலாக்க நாங்கள் எடுத்த முயற்சியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’. நெல்லைச் சீமைச் சேரியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சிக்கிக்கொள்ளும் மருதியின் கதை. 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் இதையும் ‘பொன்னகரம்’ கதையையும் பாடத்திலிருந்து நீக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். தலித் மக்களை இழிவாகக் காட்டுகின்றன என்பது புகார். நீக்கியது சரி என்றார்கள். இலக்கியத்துக்குச் செய்த அநீதி என்றார்கள். நானும் அன்று மேடைகளில் பேசினேன். ஆனால் அந்த விவாதம் முழுக்கப் படித்தவர்களுக்குள்ளேயே நடந்தது. யாரை இழிவுபடுத்துகிறது என்று பேசினோமோ, அந்தப் பெண்கள் கதையையே கேட்டதில்லை.

மருதியாகப் பேச நாங்கள் அழைத்தது கோவில்பட்டிப் பக்கத்து ஸ்பெஷல் நாடக நடிகை ஒருவரை. சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த அந்த நாடகத்தில் ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர்க்காரர்கள் தனித்தனியாகப் பேசப்பட்டு, மேடையில்தான் சந்திப்பார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். இருபது வருடமாக வள்ளி வேஷம் கட்டுகிற அந்த அக்கா நம் தெருவில் பிறந்தவர். நெல்லைப் பேச்சை அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஸ்டுடியோவுக்குக் காசில்லை. ஒரு தோழர் வீட்டு அறையில் ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஃபேனை நிறுத்தி, தெரு அடங்கிய பிறகு பதிவு செய்தோம். முதல் நாள் அக்கா கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வசனம் பேசினார். மைக் தாங்கவில்லை. “அக்கா, அடுப்படியில பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க” என்றேன். “இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா தம்பி” என்று சிரித்தார். அடுத்த நிமிடம் அறையில் மருதி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் நாள் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டார். சாதிப்பெயர் வருகிற இடம். அதைச் சொல்வது பாத்திரம் அல்ல, கதை சொல்பவர். “இதையும் நாந்தான் சொல்லணுமா?” என்று கேட்டார்.

வெட்டிவிடலாம் என்றார் ஒருவர். ‘பீப்’ ஒலி போடலாம் என்றார் இன்னொருவர். வெட்டினால், இப்படி எழுதப்பட்டது என்பதே மறைந்துபோகும். ‘பீப்’ போட்டால், நம் பெயரே கெட்ட வார்த்தை என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். அன்று இரவு பதிவு நடக்கவில்லை.

மறுநாள் அக்காவே வழி சொன்னார். “எழுத்தை மாத்தாதீங்க. கதை சொல்றதையும் நானே சொல்லுதேன். இத்தனை காலம் அடுத்தவன் வாயில கேட்ட வார்த்தைதானே. ஆனா கதைக்கு முன்னாடி ரெண்டு நிமிசம் எனக்கு வேணும். நான் யாரு, இதை ஏன் வாசிக்கேன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.”

அப்படியே செய்தோம். கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் கேட்பவர், யார் வாயிலிருந்து அந்தச் சொல் வருகிறது என்று தெரிந்தே கேட்கிறார். 2014இல் நாங்கள் மேடை போட்டுப் பேசியும் எட்டாத இடம் இது.

பதிவை என் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கைநாட்டு வைப்பவர். முடியும்வரை அசையவில்லை. “எங்க பாட்டியும் கண்டிக்குப் போனவதான். திரும்பி வரல” என்றார். அதுவரை எங்களிடம் சொல்லாத செய்தி. பிறகு கேட்டார்: “இதை எழுதுனவரு தோட்டத்துல இருந்தாரா? இல்ல, போனவங்ககிட்டக் கேட்டாரா?” ஆய்வரங்குகளில் நாம் கேட்க வேண்டிய கேள்வியை அம்மா ஒரே தடவை கேட்டுவிட்டுக் கேட்டார்.

மாணவத் தோழர்களே, இந்த வேலையைச் செய்ய உங்கள் கையில் இருக்கும் செல்போனே போதும். ஆனால் மூன்று விஷயங்களில் கறாராக இருங்கள்.

ஒன்று, உரிமை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள்வரை காப்புரிமை உண்டு. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனை வாசிக்கத் தடையில்லை. பாமா, அபிமானி, அழகிய பெரியவன் கதைகளை எடுத்தால் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். நம் ஆட்கள்தானே என்று உரிமையை மீறாதீர்கள்.

இரண்டு, கூலி. ஒரு ராத்திரி நாடகத்துக்கு என்ன சம்பளமோ, ஒரு ராத்திரிப் பதிவுக்கும் அதைக் கொடுங்கள். ‘சமூகப் பணி’ என்று சொல்லி நம் கலைஞர்களிடம் இலவசமாக வேலை வாங்கியது போதும்.

மூன்று, பெயர். எழுத்தாளர் பெயரோடு வாசித்தவர் பெயரும் பதிவில் ஒலிக்க வேண்டும்.

நம்மைப் பற்றி எழுதிய கதைகளும், நாம் எழுதிய கதைகளும் நம் வீட்டுத் திண்ணைக்கு இன்னும் வந்து சேரவில்லை. நம் குரலில் வரட்டும். கேட்டவர்கள் சொல்லட்டும், எது கிளாசிக் என்று.

ஜெய்பீம்.