பித்தப்பையும் நாமும்



பித்தத்தைச் சுரப்பது ஈரல். அதனைத் தேக்கிச் செறிவாக்கும் சிறு களஞ்சியமே பித்தப்பை. கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை. நெய்ப்பண்டம் சிறுகுடலை எட்டியதும் பை சுருங்கிப் பித்தத்தைச் சொரிகின்றது. பித்தத்தில் கொலஸ்டிரால் மிகுமாயின் கல் உறைகின்றது. நாம் குடியேறி வாழும் இக்கங்கைச் சமவெளியில் இந்நோய் தென்னாட்டினும் மிகுதி. ஆடவரினும் பெண்டிர்க்கே மிகுதி.

விருந்துண்ட இரவில் வலப்புற விலாவின்கீழ் எழுந்து தோள்பட்டை வரை பரவும் வலியை நாம் 'வாயு' என்று ஓமநீர் பருகிப் படுத்துவிடுகிறோம். தாய்மார்களோ சொல்வதேயில்லை! வலியோடு குளிர்காய்ச்சலும் கண்மஞ்சளும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருத்தல் ஆகாது. அக்கணமே மருத்துவமனை செல்லவேண்டும். பையை அகற்றினால் உண்பதெங்ஙனம் என்று அஞ்சுகிறோம். அகற்றிய பின்னரும் ஈரல் சுரந்துகொண்டேயிருக்கும். பித்தம் நேரே குடலைச் சேரும்.