முன்பாரம், பின்பாரம்: ட்ரெய்லரோடு எங்கள் முதல் பயணம்

(ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுல நாங்க ட்ராவல் ட்ரெய்லர் வாங்கின கதையைச் சொன்னேன். கேட்டவங்கள்ல பலர் "சரி, முதல் பயணம் எப்படி இருந்தது?"ன்னு கேட்டிருந்தீங்க. இன்னிக்கு அதைத்தான் சொல்லப் போறேன். சிரிக்கிற விஷயங்களும் இருக்கு. ஒரு இடத்துல மட்டும் சிரிக்க முடியாது.

புதுசா கேட்கிறவங்களுக்காக ஒரு வரி. ட்ராவல் ட்ரெய்லர்னா காருக்குப் பின்னால மாட்டி இழுத்துட்டுப் போற வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிப்பறை எல்லாம் இருக்கும். எஞ்சின் மட்டும் கிடையாது. நம்ம வண்டிதான் இழுக்கணும்.

நாங்க இருக்கிறது மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கம். என் வேலையே கார் துறையில. அதனால எனக்கு எல்லாம் தெரியும்னு ஒரு நினைப்பு. எங்க எஸ்.யூ.வி. 6,000 பவுண்டு இழுக்கும்னு கையேட்டுல போட்டிருந்தது. ட்ரெய்லர் காலியா 4,200 பவுண்டு. "இன்னும் 1,800 மிச்சம் இருக்கே"ன்னு என் முதுகை நானே தட்டிக்கிட்டேன்.

போக நினைச்ச இடம் டக்வாமெனான் அருவி. மிச்சிகனோட வடக்குப் பகுதியில இருக்கு. ஐ-75 நெடுஞ்சாலையில வடக்கே போய், மேக்கினா பாலத்தைத் தாண்டணும். பாலம் கிட்டத்தட்ட 5 மைல் நீளம். கீழே ஏரித் தண்ணி, பக்கவாட்டுல காத்து. காத்து பலமா இருந்தா ட்ரெய்லர்காரங்களைத் தனியா விட மாட்டாங்க, துணைக்கு வண்டி வரும். இன்னும் பலமானா விடவே மாட்டாங்க. என் பயமெல்லாம் அந்தப் பாலத்தைப் பத்தித்தான் இருந்தது. ஆனா பிரச்சினை அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு.

கிரேலிங் ஊரைத் தாண்டி ஒரு இறக்கம். நான் 65 மைல் வேகத்துல போயிட்டிருந்தேன். இடது பக்கம் ஒரு பெரிய லாரி எங்களை முந்திப் போச்சு. அந்தக் காத்து ட்ரெய்லரோட பின்பக்கத்தை முதல்ல தள்ளுச்சு, அப்புறம் இழுத்தது. கண்ணாடியில பார்க்கிறேன், ட்ரெய்லர் இடதும் வலதுமா ஆடுது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெருசு. காரோட பின்பக்கமும் சேர்ந்து நகருது. பின் சீட்டுல இருந்த சின்னவ, "அப்பா, வீடு ஆடுது"ன்னா. நான் பிரேக்கை மிதிச்சேன். ஆட்டம் இன்னும் கூடிடுச்சு.

எப்படியோ காலை எடுத்தேன். ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டேன். இறக்கம் முடிஞ்சு வேகம் குறைஞ்சதும் ஆட்டம் நின்னது. மொத்தமே பத்து நொடி இருக்கும். என் மனைவி ரொம்ப மெதுவான குரல்ல, "ஏங்க, ஓரமா நிறுத்துங்க" அப்படின்னாங்க. அந்தக் குரல் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு.

அந்த நேரத்துல என்ன செய்யணும்னு இப்ப தெரியும். காரோட பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுக்கணும். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்காம நேரா பிடிக்கணும். டாஷ்போர்டுல ட்ரெய்லர் பிரேக்குக்குன்னு ஒரு தனிக் கருவி இருக்கும். அதைக் கையால அழுத்தினா ட்ரெய்லர் மட்டும் பிரேக் பிடிக்கும், பின்னால இழுத்து நேராகும். எனக்கு அந்தக் கருவி இருந்தது. கை அதைத் தேடவே இல்லை. இப்ப ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னாடி காலி மைதானத்துல ஒருதடவை அழுத்திப் பழகிட்டுத்தான் கிளம்புறேன்.

ஓய்விடத்துல நிறுத்தினோம். பக்கத்துல ஒரு பெரியவர், அவரும் ட்ரெய்லர்காரர். எங்க வண்டியைச் சுத்தி ஒரு நடை நடந்தார். பின்னால மாட்டியிருந்த நாலு சைக்கிளைப் பார்த்தார். ஒரே கேள்விதான் கேட்டார்: "எடை போட்டீங்களா?"

போடலை. அடுத்த ஊர் வரைக்கும் மெதுவா போய், லாரிகளுக்கு எடை போடுற மேடையில ஏத்தினோம். முதல்ல காரோட மாட்டியபடியே ட்ரெய்லர் சக்கரங்களை மட்டும் போட்டோம், 4,810 பவுண்டு. அப்புறம் கழட்டி முழு ட்ரெய்லரையும் போட்டோம், 5,200. நடுவுல இருக்கிற 390 பவுண்டுதான் கார் மேல உட்கார்ந்திருக்கிற எடை. அதாவது ஏழரை சதவீதம். இருக்க வேண்டியது 10-ல இருந்து 15 சதவீதம்.

நம்ம ஊர் மாட்டு வண்டிக்காரர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார். பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி மேலே தூக்கும், வண்டி மாட்டுக்கு அடங்காது. முன்பாரம் கொஞ்சம் இருக்கணும். அளவுக்கு மீறினா மாட்டோட கழுத்து தாங்காது. கார் துறையில வேலை பார்க்கிற எனக்கு மொத்த எடைதான் கண்ணுல பட்டது. எடை எங்கே உட்காருதுன்னு நான் யோசிக்கவே இல்லை.

எங்க தப்பு ரெண்டு. சைக்கிள்கள் கடைசியில. தண்ணித் தொட்டியும் அச்சுக்குப் பின்னால, அதுவும் 40 கேலன் நிறைய. ஒரு கேலன் தண்ணி 8 பவுண்டுக்கு மேல, அப்ப கிட்டத்தட்ட 330 பவுண்டு. தண்ணியை வடிச்சோம். சைக்கிள்களை உள்ளே முன்பக்கம் படுக்க வச்சுக் கட்டினோம். மறுபடி எடை போட்டா மொத்தம் 4,870, கார் மேல 585. அது 12 சதவீதம். சரியா வந்துடுச்சு.

அப்பத்தான் ரெண்டாவது பாடம். டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆளுங்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கும். எங்களுக்கு 1,340. கணக்குப் போடுங்க. நாங்க நாலு பேர் 560. டிக்கியில சாமான் 150. ஹிட்ச் 80. ட்ரெய்லர் அழுத்துறது 585. மொத்தம் 1,375. இழுவைக்கு இன்னும் ஆயிரம் பவுண்டுக்கு மேல மிச்சம், ஆனா கார் ஏற்கெனவே அளவைத் தாண்டிடுச்சு. ரெண்டும் வேற வேற கணக்குங்க. டிக்கியில இருந்த 100 பவுண்டு விறகை எடுத்து ட்ரெய்லருக்குள்ள, சரியா அச்சுக்கு மேல வச்சோம். அப்புறம்தான் எண் உள்ளே வந்தது.

அந்த விறகைக் கொண்டு போனதே தப்புன்னு பூங்காவுல சொன்னாங்க. ஆஷ் மரங்களைக் கொல்ற பச்சை வண்டு 2002-ல எங்க டெட்ராய்ட் பக்கம்தான் முதல்ல கண்டுபிடிக்கப்பட்டது. விறகோட அதுவும் ஊர் ஊரா பயணம் போகும். விறகைப் போற இடத்துல வாங்குங்க.

இனி சிரிக்கிற கதை. ட்ரெய்லரைப் பின்னால எடுத்து இடத்துல விட எனக்கு 40 நிமிஷம் ஆச்சு. பக்கத்து முகாம்ல எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாங்க. இப்ப கையை ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்துல வச்சுக்கிறேன். கை எந்தப் பக்கம் போகுதோ ட்ரெய்லரோட பின்பக்கமும் அந்தப் பக்கம் போகும். என் மனைவி என் கண்ணாடியில தெரியிற இடத்துல மட்டும் நிற்பாங்க. கத்துறது கிடையாது, போன்ல பேசிக்கிறோம். "நிறுத்து"ன்னா கேள்வி கேட்காம நிறுத்தணும்.

இன்னும் ரெண்டே ரெண்டு. காரைக் கழட்டுறதுக்கு முன்னாடி சக்கரத்துக்குக் கட்டை வைங்க. அதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம். கழிப்பறைத் தொட்டியோட வால்வை எப்பவும் மூடியே வைங்க, தொட்டி ஓரளவு நிறைஞ்சதும் திறங்க. திறந்தே விட்டா தண்ணி மட்டும் ஓடிடும், மத்தது உள்ளேயே தங்கிடும். அதுக்கு மேல விவரம் கேட்காதீங்க, சாப்பிட்டுட்டு இருப்பீங்க.

பாலம் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. 45 மைலுக்கு மேல போகாம தாண்டினோம். அன்னிக்குக் காத்தும் கம்மி. பாதியில சின்னவ கேட்டா: "அப்பா, இப்ப வீடு ஆடுதா?" கண்ணாடியைப் பார்த்தேன். "இல்லம்மா, நேரா வருது"ன்னேன்.

உங்ககிட்ட ட்ரெய்லர் இருந்தா, இல்ல வாங்குற யோசனை இருந்தா, இன்னிக்கே போய் டிரைவர் கதவைத் திறந்து அந்த ஸ்டிக்கரைப் படிங்க. அந்த எண்ணை எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் கடைக்குப் போங்க. அடுத்த எபிசோடுல குளிர்காலத்துக்கு முன்னாடி ட்ரெய்லரோட தண்ணிக் குழாய்களை எப்படிக் காப்பாத்துறதுன்னு பேசலாம். அதுலயும் நாங்க ஒரு தப்பு பண்ணியிருக்கோம்.