புரோட்டகன்: பொருளை இழந்த ஒரு பெயர்



‘புரோட்டகன்’ என்னும் சொல்லை உங்களுள் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆஸ்கர் லீப்ரைக் என்னும் செருமானிய வேதியியலார், 1865இல், மூளைத் திசுவிலிருந்து தாம் பிரித்தெடுத்த கொழுப்புப் பொருளுக்கு இட்ட பெயர் அது. ‘முதல்’ என்று பொருள்படும் கிரேக்க அடியிலிருந்து பிறந்தது. மூளையின் தலையாய பொருள் இதுவே. அங்குக் காணப்படும் பிற கொழுப்புகள் இதன் சிதைவுகள் என்பது அவர் கருத்து. பெயருக்குள்ளேயே கோட்பாடு குடியேறிவிட்டது.

இலண்டனில் வாழ்ந்த டூடிகம் இதனை மறுத்தார். புரோட்டகன் தனிப்பொருளன்று, கலவை என்றார். காம்ஜியும் பிளாங்கன்ஹார்னும் 1879இல் லீப்ரைக்கின் பக்கம் நின்றனர். டூடிகம் 1884இல் மூளையின் வேதியியல் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டும் எதிர்ப்பு ஓயவில்லை. 1901இல் அவர் மறைந்து சில ஆண்டுகள் சென்ற பிறகே, ரோசன்ஹைம் முதலியோரின் ஆய்வுகளால் அவர் கூற்று நிலைபெற்றது. மூளைக் கொழுப்புகளில் தமக்குப் பிடிபடாத ஒரு கூறுக்கு, புதிர் போடும் ஸ்பிங்க்ஸை நினைந்து ‘ஸ்பிங்கோசின்’ என்று அவர் பெயரிட்டிருந்தார். ‘இது எனக்கு இன்னும் விளங்கவில்லை’ என்று ஒப்புக்கொண்ட அப்பெயர் இன்றும் பாடநூல்களில் வாழ்கிறது.

இதில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மருத்துவர் கிறீன் யாழ்ப்பாணத்தில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தவர். அவருடைய வேதியியல் நூல் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரோடு வந்தபோது, புரோட்டகன் உயிரோடிருந்த சொல். அன்று ஒருவர் ஆர்வ மிகுதியால் அதனை ‘மூளைமுதலி’ என்று பெயர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒலிபெயர்ப்பு, கோட்பாடு விழுந்ததும் ஓசையின்றி மறைந்திருக்கும். பெயர்ப்போ, இல்லாத தலைமையை ஒவ்வொரு முறையும் அறிவித்துக்கொண்டே இருந்திருக்கும்.

லெசித்தினைப் பாருங்கள். கோப்லி என்னும் பிரெஞ்சுக்காரர் முட்டை மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1850இல் அமைத்த பெயர். மூளையிலும் அது உண்டு. இன்று கடைகளில் உள்ள சாக்லேட்டுகள் பலவற்றில் சேர்வது சோயா லெசித்தின். அதனை ‘மஞ்சட்கருவம்’ என்று நாம் மொழிபெயர்த்திருந்தால், தேக்காவில் பொட்டலத்தைத் திருப்பிப் படிக்கும் சைவ உணவினர் அதை அப்படியே வைத்துவிட்டுப் போவார், குற்றம் அவருடையதன்று.

ஆகவே எல்லாவற்றையும் ஒலிபெயர்த்துவிடலாம் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டா. ஆக்சிஜன் என்றால் அமிலம் ஆக்குவது. லவாய்சியரின் அக்கருத்து பின்னர் பிழையாயிற்று. செருமானியர் அதனை நேரே பெயர்த்து இன்றும் ‘புளிப்புப் பொருள்’ என்றே வழங்குகின்றனர். நாமோ உயிர்வளி என்றோம். கோட்பாட்டைப் பெயர்க்காமல், கண்ணெதிரே நிகழும் மூச்சைப் பார்த்துப் பெயரிட்டதால் தப்பினோம். என் கணிப்பில், இது நம் கலைச்சொல்லாக்கத்தின் மிகச் சிறந்த முடிவுகளுள் ஒன்று.

மலாய் மொழியில் ‘ஓட்டாக்’ என்றால் மூளை. வாழையிலையில் சுட்டுத் தரும் ஓட்டாக்-ஓட்டாக்கில் மீன்தான் இருக்கிறது, மூளை இல்லை; யாரும் ஏமாறுவதில்லை. பொருளைச் சுவைத்தவருக்குப் பெயரின் பிழை தடையாகாது. ஆனால் அறிவியலில் மாணவர் சந்திப்பது முதலில் சொல்லை. பொருளைப் பலர் காண்பதே இல்லை. சிங்கப்பூரில் அறிவியலை ஆங்கிலத்தில் பயிலும் நம் பிள்ளைகளுக்கு, அதன் தமிழ்ச்சொல் நாளிதழிலோ நூலகத்திலோ தனியாக எதிர்ப்படுகிறது. விளக்க அருகில் ஆசிரியர் இருக்கமாட்டார்.

அதனால் நம் கலைச்சொல் அகராதிகளிடம் நான் வேண்டுவது ஆண்டுக் குறிப்பு. செத்த சொற்களை நீக்கிவிடக் கூடாது. பழைய நூலைப் புரட்டுபவருக்கு அவை தேவை. பதிவு இவ்வளவு இருந்தால் போதும்: ‘புரோட்டகன்: மூளைக் கொழுப்புப் பொருள் ஒன்றுக்கு 1865இல் இட்ட பெயர். தனிப்பொருள் எனக் கருதப்பட்டது. கலவை என 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. இன்று வழக்கில் இல்லை.’