கழுத்தின் முதல் எலும்பு

சிக்னலில் நிற்கிற காரைப் பின்னால் வந்த வண்டி இடிக்கிறது. ரத்தக் காயம் ஏதுமில்லை. ஆனால் உள்ளே இருந்தவரின் தலை சாட்டை மாதிரி வெடுக்கென்று ஆடி நிற்கிறது. மூன்று மாதம் கழித்தும் தலைவலி, கிறுகிறுப்பு. நாலு வரி படித்தால் கண் கூசுகிறது.

இப்படித் தவிப்பவர்களில் சிலர், அமெரிக்காவில், மேல்கழுத்து கைரோபிராக்டிக் சிகிச்சைக்குப் போகிறார்கள். 1895-இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் தொடங்கிய, முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் முறை கைரோபிராக்டிக். கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளைக் கவனித்தாலே போதும் என்றார் அவர் மகன் பி.ஜே. பால்மர்.

முதல் எலும்புக்கு அட்லஸ் என்று பெயர். சுமார் 5 கிலோ தலையை அந்தச் சின்ன வளையம்தான் தாங்குகிறது. நாம் தலையைத் திருப்புவதில் ஏறக்குறைய பாதி, அதற்கும் அடுத்த எலும்புக்கும் நடுவில்தான் நடக்கிறது. அங்கே அடிபட்டால் தலைவலியும் கிறுகிறுப்பும் வரலாம், உண்மைதான். ஆனால் அந்த எலும்பைச் சரிசெய்தால், தலை குலுங்கியதில் மூளைக்கு நேர்ந்த அதிர்ச்சியும் ஆறிவிடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் இந்த எலும்புகளின் துளை வழியாகத்தான் ஏறுகிறது. சிகிச்சை என்று கழுத்தை வெடுக்கென்று திருகினால், அபூர்வமாக, அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். நம்மூர் சலூனில் முடி வெட்டியதும் நெட்டி முறிக்கிறார்களே, அதிலும் இதே ஆபத்து உண்டு.

மூளை அதிர்ச்சி பற்றிப் பேச 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள், தொந்தரவு 10 நாளுக்கு மேல் நீடித்தால் கழுத்துக்கும் சமநிலைக்கும் சேர்த்துப் பயிற்சி தரச் சொன்னார்கள். அடிபட்டவர்கள் தயவுசெய்து முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.